ரிவெர்ப் இல்லாத ஆம்புக்கு ரிவெர்ப் பெடல்: கோளாறைக் கேட்டுக் காரணத்தைப் பிடிப்பது

ரிவெர்ப், அதாவது ஒலிக்குப் பின்னால் மண்டபத்தின் எதிரொலிபோல் தேய்ந்து மறையும் வால், இல்லாத ஆம்புக்கு ஒரு பெடல் வாங்கி மாட்டியதும் பலருக்கு வரும் எரிச்சல் ஒன்றுதான்: வீடியோவில் கேட்டது ஒன்று, நம் ஸ்பீக்கரில் வருவது வேறொன்று. உடனே பெடலைக் குறை சொல்லி, வந்த விலைக்கு விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். அதிலும் அதே கதை. பெரும்பாலும் தப்பு பெடலில் இல்லை. உங்கள் ஆம்பில் டிஸ்டார்ஷன் (ஒலி உடைந்து கரகரப்பது) எந்தக் கட்டத்தில் உண்டாகிறது, ரிவெர்ப் அதற்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுதான் முக்கால்வாசிக் கோளாறுகளுக்கும் வேர். எத்தனை மோட் (ஒலி வகை), எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்.

அதனால் இங்கே பெடல்களுக்கு மார்க் போடப் போவதில்லை. காதில் விழும் கோளாறிலிருந்து தொடங்கி, அதன் காரணத்துக்குப் போய், அங்கிருந்து எந்த மாதிரிப் பெடல் பொருந்தும் என்று பார்ப்போம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நேராகத் தங்கள் கோளாறுக்குப் போகலாம். வாங்கப் போகிறவர்கள் அடுத்த பகுதியைத் தாண்ட வேண்டாம்.

## முதலில் ஆம்பைச் சோதியுங்கள்

எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு கிட்டாரை நேராக ஆம்பில் சொருகுங்கள். வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் ஒரு முழு கார்டை ஓங்கி அடியுங்கள். ஒலி சுத்தமாக இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. எந்த ரிவெர்ப் பெடலையும் நேராக ஆம்பின் முன்னால் வைக்கலாம்.

ஒலி உடைகிறது என்றால், கெய்ன் குமிழை (சிக்னலை முதலில் பெருக்குவது) தொடாமல் மாஸ்டர் வால்யூமை (கடைசிச் சத்தத்தைக் கட்டுப்படுத்துவது) மட்டும் நன்றாகக் குறையுங்கள். அப்போதும் உடைந்தால் டிஸ்டார்ஷன் பிரீஆம்பில், அதாவது ஒலியைச் செதுக்கும் முதல் கட்டத்தில், உண்டாகிறது. குறைத்ததும் சுத்தமாகிவிட்டால் பவர் ஆம்பில், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில். மாஸ்டரே இல்லாமல் ஒரே வால்யூம் குமிழோடு வரும் பழைய பாணி வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் என்றால், ஏற்றி வைத்து வாசிக்கும்போது பவர் ஆம்பும் சேர்ந்து உடைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆம்பின் பின்புறம். செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால் எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறது. பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே சிக்னலை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விடும் வழி அது. எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் ஜாக்கை லூப் என்று நினைத்துப் பெடலைச் சொருகிவிடாதீர்கள். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் பெடலைப் பொசுக்கிவிடும்.

இவ்வளவுதான் சோதனை. இந்த இரண்டு பதிலையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## கெய்ன் ஏற்றினால் எல்லாம் கூழாகிறது

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். சுத்தமான ஒலியில் அழகாக விரியும் ரிவெர்ப், டிஸ்டார்ஷன் சேர்ந்ததும் சேறாகிவிடும். கார்ட் மாறுவதே தெரியாது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சின்ன வேலை. ரிவெர்பைப் போட்டு, ஜி கார்டை ஒரே ஒரு முறை அடித்து, உடனே உள்ளங்கையால் தந்திகளை அடக்குங்கள். ரிவெர்பின் வால் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். அப்படி இல்லாமல், கொஞ்ச நேரம் அதே சத்தத்தில் கரகரவென்று நின்றுவிட்டு அப்புறம் பொத்தென்று விழுந்தால், ரிவெர்பே டிஸ்டார்ட் ஆகிறது. இரண்டாவதாக, ஜி அடித்து அதன் வால் அடங்குவதற்குள் சி அடியுங்கள். இரண்டும் உரசும் இடத்தில், ஜி-யிலும் இல்லாத சி-யிலும் இல்லாத ஒரு உறுமல் அடியில் கேட்கும்.

ஏன் இப்படி? டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கும் வேலை. நீங்கள் நேராக அடித்த ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு, அதற்கு மேல் போக முடியாமல் நிற்கிறது. அதைவிட, உதாரணத்துக்கு, 20 டெசிபல் தாழ்ந்து வரும் வாலோ வெட்டுப்படாமல் முழு கெய்னையும் வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிப்போகிறது. பின்னணியில் இருக்க வேண்டியது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த உறுமலுக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: பழைய கார்டின் வாலும் புதிய கார்டும் ஒரே கிளிப்பிங் (உச்சியை வெட்டும்) கட்டத்துக்குள் ஒன்றாகப் போனால், அவற்றின் அலைவெண்களைக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் புது அலைவெண்கள் பிறக்கின்றன. அவை எந்த ராகத்துக்கும் கட்டுப்படாது.

லூப் இருக்கிறது, உடைவது பிரீஆம்ப்தான் என்றால் கதை இங்கேயே முடிந்தது. ரிவெர்பை லூப்பில் வையுங்கள். டிஸ்டார்ஷன் கொடுக்கும் ஓவர்டிரைவ் பெடல்கள் ஆம்பின் முன்னால், ரிவெர்ப் பின்னால். ஒலி முதலில் உடைந்து, அப்புறம் விரிகிறது.

லூப் இல்லை, உடைவது பிரீஆம்ப் என்றால் இரண்டு வழி. ஆம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு டிஸ்டார்ஷனைப் பெடலில் எடுப்பது முதல் வழி. ஓவர்டிரைவ் முன்னால், ரிவெர்ப் அதன் பின்னால், அப்புறம் ஆம்ப். ஆம்பின் சொந்த டிஸ்டார்ஷன்தான் வேண்டும் என்பவர்கள் ரிவெர்பைச் சிறுத்துப் போட வேண்டும்: மிக்ஸ் குமிழ் (எவ்வளவு ரிவெர்ப் கலக்கும் என்பது) கடிகார முள் 9 மணி காட்டும் அளவில், டீகே (வாலின் நீளம்) குறைவாக, பெரிய மண்டபம் போன்ற ஹால் மோடுக்குப் பதிலாகச் சின்ன அறை போன்ற ரூம் அல்லது உலோகத் தகட்டின் ஒலி தரும் பிளேட். இவர்களுக்கு 12 மோட் உள்ள பெரிய பெடல் வீண் செலவு. டோன் குமிழ் இருக்கிற, மிகக் குறைந்த மிக்ஸிலும் நிதானமாக ஏறுகிற சாதாரணப் பெடலே போதும். கடையில் சோதிக்கும்போது மிக்ஸை 7 மணியிலிருந்து 10 மணி வரை மட்டும் திருப்பிப் பாருங்கள். அந்தக் கொஞ்ச இடத்துக்குள் பெடல் எவ்வளவு நுணுக்கமாக நடந்துகொள்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

பவர் ஆம்ப் உடைகிறது என்றால்தான் தலைவலி. இங்கே லூப் இருந்தும் பயனில்லை. லூப்புக்குப் பின்னால்தானே டிஸ்டார்ஷன் பிறக்கிறது! லூப்பில் வைத்தும் கூழாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலர் இந்த வகை. இதற்கு ஒழுங்கான தீர்வு ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலிலிருந்தே ஒரு பங்கை எடுப்பது. லைன் அவுட் உள்ள அட்டெனுவேட்டர் (ஆம்பின் சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) அல்லது ஸ்பீக்கருக்கும் வழிவிடும் லோட் பாக்ஸ் ஒன்றை ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்து, அந்த லைன் அவுட்டை ரிவெர்ப் பெடலுக்கு அனுப்பி, பெடலில் வெறும் ரிவெர்ப் மட்டும் வரும்படி வைத்து, இரண்டாவது ஆம்பில் ஒலிக்க விடலாம். முதல் ஆம்ப் உலர்ந்த ஒலி, இரண்டாவது வெறும் ரிவெர்ப். ரெக்கார்டிங் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், மைக்கில் பிடித்த பிறகு ரிவெர்ப் சேர்த்துவிடுங்கள். எதைச் செய்தாலும் வால்வ் ஆம்பை ஸ்பீக்கரோ சரியான லோடோ இல்லாமல் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆம்பின் முன்னால் ரிவெர்ப் வைப்பதே தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபெண்டர் 1961-இல் கொண்டுவந்த 6ஜி15 என்ற தனி ரிவெர்ப் பெட்டி, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவேதான் உட்காரும். அமெரிக்கக் கடற்கரைக் கிட்டார் இசையான சர்ஃபின் தண்ணீர் சொட்டுவது போன்ற ஒலி அப்படிப் பிறந்ததுதான். ரிவெர்ப் உள்ளேயே இருக்கும் ஃபெண்டர் ஆம்ப், வைப்ரோவெர்ப், 1963-இல்தான் வந்தது. சுத்தமான ஆம்பாக இருந்தால் முன்னால் வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

## லூப்பில் போட்டதும் ஒலி பொள்ளலாகிவிட்டது

பெடலை லூப்பில் செருகியதும் கிட்டார் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துபோகிறது. ரிவெர்பை முழுக்கக் குறைத்தாலும் அந்தப் பொள்ளல் போகவில்லை. இது பேரலல் லூப்பின் அடையாளம்.

சீரியல் லூப்பில் சிக்னல் முழுவதும் பெடல் வழியாகப் போய்த் திரும்பும். பேரலல் லூப்பில் ஆம்ப் ஒரு பங்கை உள்ளேயே நேராக அனுப்பிக்கொள்ளும். பெடலிலிருந்து திரும்புவது அதோடு கலக்கும். பெடல் டிஜிட்டலாக இருந்து, நேர் ஒலியையும் (ரிவெர்ப் சேராத கிட்டார் ஒலி) டிஜிட்டலாக மாற்றித் திருப்பி அனுப்பினால், அது ஓரிரு மில்லி செகண்ட் தாமதமாக வந்து சேரும். ஒரே ஒலி கொஞ்சம் முன்னும் பின்னுமாகக் கலந்தால் சில அலைவெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதுதான் அந்தப் பொள்ளல்.

தீர்வு, பெடல் ரிவெர்பை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். நேர் ஒலியை அடைக்கும் வசதிக்கு கில் ட்ரை என்று பெயர். சில பெடல்களில் இது வெளியே தெரியாது. டிசி எலெக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேமில் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே பொடி ஸ்விட்ச்சாக இருக்கும். மிக்ஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் வெறும் ரிவெர்ப் மட்டும் வரும் பெடல்களும் இதே வேலையைச் செய்யும். ஆம்பின் பின்னால் லூப் மிக்ஸ், லூப் பிளெண்ட் என்று குமிழ் இருந்தால் உங்களுடையது பேரலல் லூப். இப்படி நேர் ஒலியை அடைக்க முடியாத பெடலை வாங்கவே வாங்காதீர்கள். சில ஆம்புகளில் அந்தக் குமிழை 100 சதவீதத்துக்குத் திருப்பினால் சீரியலாகவே மாறிவிடும். அப்படி இருந்தால் கவலை விட்டது.

## மெதுவாக வாசித்தால் சரி, ஓங்கி அடித்தால் பொரிகிறது

லூப்பில் மட்டும், அதுவும் சுத்தமான ஒலியில், அழுத்தி அடிக்கும்போது மட்டும் பொரிவதுபோல் சத்தம் வந்தால் லெவல் பொருந்தவில்லை. சில ஆம்புகள் லூப்பில் ஸ்டுடியோக் கருவிகளுக்கு ஏற்ற லைன் லெவலில் சிக்னலை அனுப்பும். கிட்டார் அளவுக்கென்று செய்த பெடலின் உள்ளீடு அதைத் தாங்காமல் கிளிப் ஆகும். டிஜிட்டல் கிளிப்பிங்கில் வால்வின் இனிமை எதுவும் இருக்காது, சும்மா கிழியும்.

லூப்புக்குப் பக்கத்தில் +4, -10 என்று ஸ்விட்ச் இருந்தால் -10 பக்கம் தள்ளுங்கள். செண்ட் லெவல் குமிழ் இருந்தால் குறையுங்கள். இரண்டும் இல்லையென்றால், லைன் லெவலைத் தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிற பெடலைத் தேட வேண்டும்.

## மிக்ஸ் ஏற்ற ஏற்ற கிட்டார் தூரம் போகிறது

ரிவெர்ப் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று குமிழைத் திருப்பினால், ரிவெர்ப் கூடுவதற்குப் பதிலாகக் கிட்டார் பின்னால் போகிறது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பேசுவதுபோல. இதில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் குமிழ் வேலை செய்யும் விதமே அப்படி.

ரிவெர்ப் பெடல்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் மிக்ஸைத் திருப்பினால் ரிவெர்ப் ஏறும், அதே நேரம் நேர் ஒலி இறங்கும். இன்னொன்றில் நேர் ஒலி அசையாமல் நிற்கும், ரிவெர்ப் மட்டும் மேலே மேலே சேரும். இரண்டாவது வகைக் குமிழுக்குப் பெரும்பாலும் லெவல் என்று பெயர் இருக்கும், ஆனால் பெயரை நம்பாமல் காதால் சோதியுங்கள்: கடைசிவரை திருப்பிவிட்டு ஒரு நோட்டை அடியுங்கள். தந்தியில் பிக் படும் அந்த முதல் டக் சத்தம் தெளிவாகக் கேட்டால் நேர் ஒலி உயிரோடு இருக்கிறது.

என்னைக் கேட்டால், ரிவெர்ப் இல்லாத ஆம்பின் முன்னால் வைக்க இரண்டாவது வகைதான் நல்லது. ஆம்பின் சொந்த ஒலி பிடித்துத்தானே அதை வைத்திருக்கிறீர்கள், அது கூடக் குறையப் போகக்கூடாது. பேரலல் லூப் வைத்திருப்பவர்களும், இரண்டாவது ஆம்புக்கு வெறும் ரிவெர்ப் அனுப்புகிறவர்களும் முதல் வகையைத் தேட வேண்டும். ஆக, இந்த ஒரு குமிழின் நடத்தை உங்கள் ஆம்போடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

## சுத்தமான ஒலியிலும் அடிப்பக்கம் குழம்புகிறது

டிஸ்டார்ஷனே இல்லை, ஆனாலும் கீழ்த் தந்திகள் மொத்தையாகக் கேட்கின்றன. முதலில் ரிவெர்பை அணைத்துவிட்டு ஆம்பை மட்டும் கேளுங்கள். ஆம்பின் பாஸ் குமிழ் 3 மணியில் நின்றுகொண்டிருந்தால் விஷயம் முடிந்தது. ரிவெர்ப் இல்லாத காலத்தில், வறட்சியை மறைக்க நாமே பாஸை ஏற்றி வைத்திருப்போம். ரிவெர்ப் வந்த பிறகு அதைப் பழைய இடத்துக்கு இறக்க மறந்துவிடுவோம்.

அதுவும் இல்லையென்றால் ப்ரீ-டிலே இருக்கிறதா பாருங்கள். நேர் ஒலி கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து ரிவெர்ப் தொடங்க வேண்டும் என்பது அது. காற்றில் ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 20 மில்லி செகண்டில் ஏறக்குறைய 7 மீட்டர். 20 முதல் 40 மில்லி செகண்ட் வரை ப்ரீ-டிலே கொடுத்தால் பிக் பட்ட சத்தம் முதலில் தனியாகக் காதுக்கு வந்துவிடும், ரிவெர்ப் அதன் பின்னால் நடந்து வரும். டீகே நீளமாக வைத்தும் தெளிவாகக் கேட்பதன் ரகசியம் இதுதான். ஒற்றைக் குமிழ்ப் பெடல்களில் இது கிடையாது. நீளமான ஹால் ரிவெர்பை விரும்புகிறவர்கள் ப்ரீ-டிலே உள்ள பெடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பில்லை.

இன்னொன்று: சின்ன, வெற்றுச் சுவர் அறையில் வாசித்தால் அந்த அறையே ஒரு ரிவெர்ப். அதன்மேல் பெடலும் போட்டால் இரட்டை. ஹெட்ஃபோனில் சோதித்துவிட்டுப் பெடலைக் குறை சொல்லுங்கள்.

## ஸ்பிரிங் மோட் ஸ்பிரிங் மாதிரி இல்லை

ஸ்பிரிங் என்று எழுதியிருக்கிற எல்லா மோடும் ஸ்பிரிங் ஆகாது. சோதிக்க வேண்டிய இடம் நீண்ட கார்டு அல்ல. உள்ளங்கையைப் பிரிட்ஜ் மேல் வைத்துத் தந்தியை அடக்கிக்கொண்டு, நடுத்தந்திகளில் டக் டக் என்று குறுக்கி அடியுங்கள். நிஜ ஸ்பிரிங்கில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் தண்ணீர் சொட்டுவதுபோல் ஒரு வளைந்த சத்தம் வரும். சுருள்கம்பிக்குள் எல்லா அலைவெண்களும் ஒரே வேகத்தில் போவதில்லை; ஒரே அடியில் கிளம்பியவை முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால் ஒலி வளைகிறது. மலிவான டிஜிட்டல் மோட்களில் இந்த வளைவு இருக்காது, பிரகாசமான ரூம் ரிவெர்ப்தான் ஸ்பிரிங் வேஷம் போட்டு நிற்கும்.

சொட்டுச் சத்தம்தான் குறி என்றால் டுவெல் என்ற குமிழ் இருக்கும் பெடலைத் தேடுங்கள். 6ஜி15 பெட்டியில் மொத்தமே மூன்று குமிழ்: டுவெல், மிக்சர், டோன். மிக்சர் எவ்வளவு ரிவெர்ப் கேட்க வேண்டும் என்று சொல்லும். டுவெல் ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக உதைக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு. டுவெல் ஏற்றி மிக்சரைக் குறைத்தால் மெல்லிய சத்தத்திலும் சொட்டு தனியாகத் தெரியும். ஒரே குமிழில் இதைச் செய்ய முடியாது. கேட்டலின்பிரெட் டொபாங்கா போன்ற பெடல்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டவை.

நிஜமான கம்பிச்சுருளையே பெட்டிக்குள் வைத்து வரும் பெடல்களும் உண்டு. டேன்எலெக்ட்ரோவின் ஸ்பிரிங் கிங்கில் காலால் உதைப்பதற்கென்றே மேலே ஒரு திண்டு இருக்கும். உதைத்தால் இடி இடிக்கும். வேடிக்கைதான், ஆனால் இவை ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தால் ஹம்மைப் பிடிக்கும், ஸ்பீக்கர் கேபினட்மேல் வைத்தால் அதிர்வில் தானாகவே பாட ஆரம்பிக்கும். தரையில், ஆம்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பிளேட் மோடைப் பற்றி ஒரு வரி. 1957-இல் வந்த இஎம்டி 140 என்பது சுமார் 2 மீட்டர் நீள எஃகுத் தகடு தொங்கும், ஆள் தனியாகத் தூக்க முடியாத ஒரு ஸ்டுடியோப் பெட்டி. அதன் நகலைத்தான் இந்தச் சின்ன டப்பாக்களில் கேட்கிறோம். சொட்டும் இல்லை, பெரிய மண்டபத்தின் எதிரொலியும் இல்லை. மிருதுவான அடர்த்தி மட்டும். டிஸ்டார்ஷனோடு ஓரளவு ஒத்துப்போவது இதுதான்.

## உஸ், கீ, ம்ம்: மூன்றும் வேறு வேறு

இரைச்சல் வருகிறது என்று மொத்தமாகச் சொல்லாமல் எந்த இரைச்சல் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் என்றால் ரிவெர்புக்குப் பின்னால் எங்கோ கெய்ன் அதிகம். கெய்ன் ஏற்றிய ஆம்பின் முன்னால் ரிவெர்ப் வைத்தால் அதன் சொந்தச் சீற்றமும் சேர்ந்து பெருகும். கம்ப்ரெஸர் (மெல்லிய சத்தத்தை ஏற்றிச் சமப்படுத்தும் பெடல்) ரிவெர்புக்குப் பின்னால் இருந்தாலும் இதே கதைதான், முன்னால் மாற்றுங்கள். நாய்ஸ் கேட் (சத்தம் தாழ்ந்ததும் சிக்னலை அடைக்கும் பெடல்) வைத்திருப்பவர்கள் அதை ஓவர்டிரைவுக்குப் பின்னால், ரிவெர்புக்கு முன்னால் வைக்க வேண்டும். ரிவெர்புக்குப் பின்னால் வைத்தால் கேட் வாலைக் கத்தரித்துவிடும்.

கீ என்ற மெல்லிய விசில் சத்தம் பெரும்பாலும் மின்சாரத்தில் வருவது. ஒரே அடாப்டரிலிருந்து கிளை வயர் பிரித்து நாலைந்து பெடலுக்குக் கொடுத்திருப்பீர்கள். டிஜிட்டல் பெடலின் சிப்பை ஓட்டும் துடிப்பின் சத்தம் அந்தப் பொது வயர் வழியாக ஓவர்டிரைவுக்குள் புகுந்து பெருகுகிறது. ரிவெர்புக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள்; சத்தம் நின்றால் ஒவ்வோர் அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளைதான் வழி. மில்லி ஆம்பியர் கணக்கையும் பார்த்துவிடுங்கள். சாதாரண ஓவர்டிரைவுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் ரிவெர்புக்கு 100 வரை ஆகலாம், பெரிய பெடல்களில் 300-ஐத் தொடும். சப்ளையின் மில்லி ஆம்பியர் பெடலுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் பெடல் தடுமாறும், அணைந்து அணைந்து எரியும். வோல்ட் மட்டும் சரியாகப் பொருந்த வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மாட்டுவதற்கு முன்னால் பெடல்மேல் இருக்கும் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

ம்ம்மென்ற தாழ்ந்த ஹம், அதுவும் பெடலை லூப்பில் செருகியதும் வந்தால், கிரவுண்ட் லூப். ஆம்ப் வழியாக ஒரு எர்த், பெடல் அடாப்டர் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் கேபிளின் ஷீல்டில் சந்தித்து வட்டமாகிவிடுகின்றன. ஆம்பையும் பவர் சப்ளையையும் ஒரே பிளக் போர்டில் சொருகுங்கள். போகாவிட்டால் தனித்துப் பிரிக்கப்பட்ட சப்ளை, அதுவும் போதாவிட்டால் லூப் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஹம்மை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பது, டேப் சுற்றுவது என்று சிலர் சொல்லித் தருவார்கள். அந்த எர்த் உங்கள் உயிரைக் காப்பாற்ற இருக்கிறது. தொடவே தொடாதீர்கள்.

## அணைத்தால் வால் அறுகிறது, அல்லது அணைத்தாலும் ஒலி மங்குகிறது

பெடலை அணைத்ததும் ரிவெர்ப் பட்டென்று அறுந்தால் அது பெரும்பாலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் பெடலின் சர்க்கியூட்டைத் தொடாமல் நேராகப் போவது). அணைத்த பிறகும் வால் இயல்பாகத் தேய வேண்டும் என்றால் டிரெய்ல்ஸ் வசதி வேண்டும், அதற்கு பஃபர் பைபாஸ் (அணைத்தாலும் சிக்னல் பெடலின் சர்க்கியூட் வழியாகவே போவது) தேவை. பஃபர் என்றாலே கெட்டது என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக இருந்து, நீளமான கேபிளும் சேர்ந்தால் கேபிளின் மின்தேக்கமே மேல் அலைவெண்களைத் தின்றுவிடும். ரிவெர்ப் வரிசையின் கடைசியில் இருப்பதால், அங்கே ஒரு நல்ல பஃபர் இருப்பது ஆம்புக்குப் போகும் நீண்ட கேபிளுக்கு உதவிதான். இரண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கிற பெடல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

## போட்டால் மூழ்குகிறது, எடுத்தால் வறட்சி

எந்த மோடும் பிடிக்கவில்லை, குமிழை எங்கே வைத்தாலும் ஒன்று அதிகம் அல்லது ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது ரிவெர்பே இல்லாமல் இருக்கலாம். ஒரு டிலே பெடலை (வாசித்ததையே கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்வது) கடன் வாங்கி, 80 முதல் 120 மில்லி செகண்ட், ஒரே ஒரு திரும்பல், மிக்ஸ் குறைவாக என்று வைத்துப் பாருங்கள். நோட்டுக்குப் பின்னால் ஒரு நிழல் விழும், வால் இருக்காது, அதனால் கூழாவதற்கும் ஒன்றும் இல்லை. லூப் இல்லாமல் பிரீஆம்ப் உடையும் ஆம்பிலும் இது ஓரளவு தாங்கும். ரிவெர்ப் வாங்க வந்தவரிடம் டிலே வாங்கச் சொல்வது விற்பவருக்குப் பிடிக்காது, ஆனால் பலருக்கு இதுதான் சரிப்பட்டு வரும்.

## தனியாக வாசித்தால் அருமை, பேண்டில் காணவில்லை

வீட்டில் தனியாக இருக்கும்போது செட் செய்த ரிவெர்ப், டிரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் காணாமல் போகும். வால் தாழ்ந்த சத்தம். சிம்பலும் பாஸும் அதை மூடிவிடுகின்றன. இங்கே எல்லாரும் மிக்ஸைத்தான் ஏற்றுவார்கள், கிட்டார் இன்னும் பின்னால் போகும். அதற்குப் பதில் டீகேயைக் குறைத்துவிட்டு லெவலை ஏற்றுங்கள். குட்டையான, சத்தமான ரிவெர்ப் பேண்டுக்குள் கேட்கும். நீளமான, மெல்லிய ரிவெர்ப் கேட்காது. டோனைக் கொஞ்சம் பிரகாசமாக்கினால் இன்னும் தெரியும்.

ஆகவே, மேடையில் வாசிப்பவர் பெடல் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு செட்டிங்கைச் சேமித்து வைக்க முடிகிறதா, அல்லது இருட்டில் குனிந்து திருப்பும் அளவுக்குக் குமிழ்கள் பெரிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஹோலி கிரெயிலின் முதல் வடிவத்தில் ஒரு குமிழும் மூன்று நிலை ஸ்விட்ச்சும் மட்டும்தான். பாஸ் (Boss) கம்பெனியின் ஆர்வி-6-இல் எட்டு மோட். மேடையில் எட்டையும் சுற்றிக்கொண்டிருப்பவரை விட அந்த ஒற்றைக் குமிழ்க்காரருக்கு வேலை சுலபம். வாங்குவதற்கு முன் முடிந்தால் பெடலை ஒரு ஒத்திகைக்கு எடுத்துப் போங்கள். டிரம்மர் அடிக்கத் தொடங்கியதும் டீகே, லெவல் இரண்டையும் மட்டும் தொட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் ரிவெர்பை மேலே கொண்டுவர முடியவில்லை என்றால் அந்தப் பெடல் உங்களுக்கு ஆகாது.